மூக்குச் சக்கரத்துக்கு வைத்த மை

எங்கள் வீட்டில் ஒரு ஏரோப்ளேன் கட்டினோம் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அது பறந்ததா என்பார்கள். பறந்தது. சோழவரம் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கியது. அதைக் கடைசி வரைக்கும் மறைத்து வைத்துக் கதை சொல்லும் ஆசை எனக்கில்லை. நான் சொல்ல வந்தது அதன் மூக்குக்குக் கீழே இருந்த சின்னச் சக்கரத்தைப் பற்றி. அந்தச் சக்கரத்தை முன்னிட்டு ஒரு அதிகாரி எழுதிய வரியைப் பற்றி. அந்த வரியை அடிக்க வைக்க நான் பிடித்த பிடிவாதத்தைப் பற்றி.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு இரும்பு உருட்டாலையில் ஃபிட்டர். சோழவரத்துக்கும் காரனோடைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த காலனியில் எங்கள் வீடு. காலையில் பஸ் ஏறினார் என்றால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். கல்யாணமான ஐந்தாம் வருஷம் ஒருநாள் அவர் வரவில்லை, ஆலையிலிருந்து ஆள் வந்தது. உருளைக்கு நடுவில் சிக்கிய கம்பியை எடுக்கப் போன இடத்தில் வலது கையின் நடு மூன்று விரல்களும் போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

ஆலைக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தார்கள். கை ஆறியதும் கேட்டில் வாட்ச்மேன் வேலை தருகிறோம் என்றார்கள். வருகிற போகிற லாரியின் நம்பரை எழுத வேண்டும், அவ்வளவுதான். இடது கையால் எழுதப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். இவர் தன்னுடைய ஸ்பானர் செட்டை யாரிடம் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்திருக்கிறார். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உட்கார்ந்து செய்கிற வேலையை எந்தக் கிறுக்கன் வேண்டாம் என்பான் என்று மூன்று நாள் சண்டை போட்டேன். நாலாம் நாள் கொல்லைப்பக்கம் போனபோது, அவர் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு நட்டைப் பிடித்து போல்ட்டில் ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தார். அது நழுவி நழுவி மண்ணில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்துத் துடைத்து மறுபடி ஏற்றினார். அதற்குப் பிறகு வாட்ச்மேன் வேலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஏரோப்ளேன் வந்த கதை இது. ஆலைக்குப் போவதற்கு முன்னால், அறுபதுகளில், அவர் திருவள்ளூரில் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், நடத்திய பட்டறையில் வேலை செய்தார். அந்த மனுஷனுக்கு விமானப் பைத்தியம். வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் பெட்டி பெட்டியாக விற்கும் விமானம் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். பெட்டியைப் பிரிப்பதற்குள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்படி ஆகிவிட்டது. கப்பல் ஏறுவதற்கு முன் இவரைப் பார்க்க வந்தவர், கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தை முழுதும் படித்த ஆள் நீ ஒருவன்தான், அதனால் பெட்டியும் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கையைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னார் என்பதால் அந்த மனுஷனை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

பெட்டிகள் என் நைனாவின் மாட்டு வண்டியில் வந்தன. முன்சுவரை இடித்து, கீற்றுப் பந்தலை நீட்டிப் போட்டு இடம் பண்ணினோம். காலனியே வந்து வேடிக்கை பார்த்தது. ஊருக்குள் ரைஸ்மில் வைத்திருந்த பெரிய மனுஷன் ஒருவர், காலனிக்கு இப்போது ஏரோப்ளேன் கேட்கிறதா என்று டீக்கடையில் கேட்டாராம். அது என் காதுக்கு வந்தபோது எனக்கு இந்த வேலையில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. அவர் வாய்தான் மீதிப் பாதியைக் கொடுத்தது.

வேலை எப்படி நடந்தது என்றால், அவர் அளப்பார், குறிப்பார், இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து எனக்குச் சொல்வார். அழுத்திப் பிடிப்பது, முறுக்குவது, ரிவிட் அடிப்பது எல்லாம் நான். எட்டாங்கிளாஸோடு நின்றவள், நாற்று நட்ட கை. அவரிடம் இல்லாத மூன்று விரல்களாக நான் இருந்தேன் என்று யாராவது அழகாகச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. எனக்கு என்று தனியாகப் பத்து விரல்கள் இருந்தன. வேலை கற்றுக்கொண்டவை அவைதான்.

இரண்டு வருஷம் போல வேலை நடந்தது. நான் மறக்காதது முன்காலைப் பொருத்திய நாள். முன்கால் என்பது ஆள் இடுப்பு உயரம் வரும் ஒரு எஃகுக் குழாய். அதன் மேல்முனை, இஞ்சினைத் தாங்குகிற சட்டத்தில் உள்ள குழலுக்குள் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இரண்டையும் சேர்த்துக் குறுக்கே துளைபோட்டு போல்ட்டால் பூட்ட வேண்டும். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டாலும் காலும் பாழ், சட்டமும் பாழ். முதலில் டிரில்லால் சின்னதாக ஒரு துளை. பிறகு ரீமர் என்கிற பல் வைத்த கம்பியை உள்ளே விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி மயிரிழை மயிரிழையாகத் துளையை வளர்க்க வேண்டும். நான் சுற்றினேன். அவர் குழாயில் காதை வைத்துக்கொண்டு கேட்டார். சத்தம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்தச் சொல்வார். எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி. காலையில் நாஷ்டா முடித்து ஆரம்பித்த ஒரு துளை மூன்று மணிக்கு முடிந்தது. போல்ட்டைத் துளையில் வைத்து அவர் தன் வலது கட்டை விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி விபத்துக்குப் பிறகு சிரித்ததில்லை.

தகராறு வந்தது காலின் கீழ்முனையில். அங்கே செங்குத்தாக ஒரு தண்டு நிற்கும். இரண்டு கிளையாகப் பிரிந்த கவை அதில் மாட்டும், கவைக்கு நடுவில் சக்கரம். விமானம் தரையில் திரும்பும்போது கவை அந்தத் தண்டைச் சுற்றித் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஆனால் சுலபமாகத் திரும்பக் கூடாதாம். கிண்ணம் மாதிரிக் குழிந்த வாஷர்களை ஒன்றுக்கொன்று கவிழ்த்து அடுக்கி, மேலே நட்டைப் போட்டு இறுக்கச் சொன்னது புத்தகம். சக்கரத்தின் அச்சில் தராசை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் பத்து கிலோ காட்டும்போதுதான் கவை அசைய வேண்டும். பழவேற்காட்டு எறா மீன் வியாபாரி ஒருவரிடம் கொக்கித் தராசு இரவல் வாங்கி வந்தேன். நான் இழுத்தேன், அவர் முள்ளைப் பார்த்தார். பத்தில் அசைந்தது. நட்டு கழன்றுவிடாமல் இருக்க அவரே குறுக்கே கம்பிப் பின்னைச் செருகி மடக்கினார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் வண்டிக்காரன் மகள். சவுக்குக் கட்டையும் நெல் மூட்டையும் ஏற்றிய வண்டிக்குப் பின்னாலேயே வளர்ந்தவள். இறுகிய சக்கரம் என்றால் எங்கள் வீட்டில் அவமானம். மாட்டைக் கொல்லும் சக்கரம் என்பார் நைனா.

"இன்னா மாமா, சக்கரம் இப்டி மொண்டி புடிச்சிக்கினு நிக்குது?" என்று கேட்டேன்.

"புக்குல அப்டித்தான் போட்டிருக்குது."

"புக்கு எழுதனவன் ஒரு நாளாச்சும் வண்டி ஓட்டியிருப்பானா?"

அவர் பின்னைக் காட்டினார், பூட்டியாகிவிட்டது என்கிற மாதிரி. நான் விட்டுக்கொடுத்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது ஏழு வருஷமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி முதல்முதலாகத் தெருவில் இறங்குகிற காலையில் வீட்டுப் பெண் கையால் அச்சுக்கு மை வைக்க வேண்டும். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்கிற வண்டி மை. அதை வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்ட பிறகுதான் மாடு பூட்டுவார்கள். என் அம்மா இருந்தவரை அவள் வைத்தாள், பிறகு நான். நான் மை வைத்த வண்டி எதுவும் நடுவழியில் நின்றதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

விமான இலாகாவிலிருந்து ஆய்வாளர் வருகிற நாள் வந்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் போட்ட பழைய விமானத் தளம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே கார்ப் பந்தயம் நடக்கும், மற்ற நாளில் ஆடு மேயும். அங்கேதான் எங்கள் விமானம் தரையில் ஓடிக் காட்ட வேண்டும். ஓட்டுவதற்கு மெட்ராஸ் பறக்கும் கிளப்பிலிருந்து ஒரு பைலட் வருவதாக ஏற்பாடு. காலையில் இறக்கைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். விமானத்தின் உடம்பை மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வர நைனாவும் நானும் இருந்தோம். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் நான் மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

பின்னை நிமிர்த்தி உருவினேன். நட்டைத் தளர்த்தினேன், போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். குழிந்த வாஷர்களுக்கு நடுவில் விரலை விட்டு வண்டி மையை நன்றாக அப்பினேன். பின்னைப் பழையபடி செருகி மடக்கினேன். பிறகு ஒற்றை விரலால் கவையைத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. நைனா வந்து பார்த்து, இப்போதுதான் இது சக்கரம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காக்காரனுக்கே தெரியாததை நான் சரிபண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

தளத்தில் இறக்கைகளை மாட்டினோம். மூக்குச் சக்கரத்தை அவர் மறுபடி பார்க்கவில்லை. தன் கையால் மடக்கிய கம்பிப் பின் அப்படியே இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஆய்வாளர் ஜீப்பில் வந்தார், கையில் காகிதக் கட்டு. பைலட் ஏறி உட்கார்ந்தார். முதலில் மெதுவாக ஒரு தடவை போய் வந்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை வேகம் பிடித்தார். பாதித் தூரத்தில் முன்னாலிருந்து படபடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. மூக்குச் சக்கரம் இடமும் வலமுமாகத் துடித்தது, கண்ணால் பார்த்துப் பின்தொடர முடியாத துடிப்பு. கவை வளைந்தது. மூக்கு தரையில் இடித்து, மூக்கில் சுற்றிக்கொண்டிருந்த மர விசிறி துண்டாகிப் பறந்தது. பைலட் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போனவர் என் வீட்டுக்காரர். நான் அவருக்குப் பின்னால். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து நட்டைத் தொட்டார். அது லொடலொடவென்று ஆடியது. வாஷருக்கு நடுவில் விரலை விட்டு எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த மையை வழித்து வழித்துத் துடைத்து, துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது துடைத்த வாஷரும் தளர்ந்த நட்டும்தான் இருந்தன.

இதை இறுக்கியது யார் என்று ஆய்வாளர் கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் இவர்.

ஆய்வாளரின் பார்வை அவருடைய வலது கைக்குப் போயிற்று. நீண்ட நேரம் அங்கேயே நின்றது. அந்தக் கையை யாராவது அப்படிப் பார்த்தால் இவர் சண்டைக்குப் போவார். பஸ்ஸில் பரிதாபப்பட்டு இடம் கொடுத்த ஆளையே திட்டியவர். அன்றைக்குக் கையை மறைக்கக்கூட இல்லை, காட்டிக்கொண்டு நின்றார். ஆய்வாளர் எழுதினார், எழுதியதைத் தமிழிலும் சொன்னார். பொருத்தியவரின் வலது கை ஊனமுற்றது, போதிய இறுக்கம் கொடுக்க இயலாதவர், நட்டு தளர்ந்ததால் முன்சக்கரம் முறிந்தது. மறுபடி சோதனை வேண்டுமானால் நல்ல கை உள்ள ஒருவர் பொருத்திக் கையெழுத்துப் போட வேண்டும், இந்தக் கை பொருத்தியதைப் பார்க்க நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். வாயில் நாக்கு இருந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இந்த நாளை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசி களையும்போதே சொல்லிவிட்டேன், நான்தான் தளர்த்தினேன், நான்தான் மை வைத்தேன் என்று.

"தெரியும் மே," என்றார். "விளக்கெண்ணெ வாசன தெரியாதா எனக்கு?"

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன்னச் சொன்னா, பொம்பள கை வெச்சா, அதான் ஒடஞ்சிதுன்னு எழுதிக்கினு போவான். என் கையப் பத்தி இன்னா, ஊரே எழுதி முடிச்சிடுச்சி. அதுல அவன் ஒரு வரி எழுதனா இன்னா கொறஞ்சி போவுது?"

நான் அழுதேன். அழுதது செய்த பாவம் உறுத்தியதால் மட்டும் இல்லை, கோபத்தாலும்தான். அந்தக் கை நட்டைப் பிடித்துப் பிடித்துப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். அது இறுக்கிய எந்த நட்டும் கழன்றதில்லை. செய்யாத தப்புக்கு அந்தக் கைக்குப் பட்டம் கட்டி, முத்திரை குத்தி, ஒரு ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டார்கள். அந்த வரி இருக்கிற வரைக்கும் இந்த விமானம் பறக்கவே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மை வைத்ததில் என்ன தப்பு என்பதை அவர் மறுநாள்தான் விளக்கினார். வண்டிச் சக்கரம் அச்சில் சுற்றுவது வேறு, கவை தண்டில் திரும்புவது வேறு. சக்கரம் அச்சில் தாராளமாகச் சுற்றட்டும், அங்கே கிரீஸ் வேண்டும். கவைக்குப் பிடிமானம் வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் அது நடுங்கும். ஆஸ்பத்திரியில் தன்னைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போன வண்டியின் முன்சக்கரம் ஒன்று வழி முழுதும் படபடவென்று ஆடிக்கொண்டே வந்ததாம், வலியைவிட அந்தச் சத்தம்தான் பேஜாராக இருந்ததாம், அதுதான் இது என்றார். அதற்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன் என்றேன். நீ கேட்கவில்லை, புத்தகம் எழுதினவனைத்தான் திட்டினாய் என்றார். உண்மைதான்.

சட்டைக்காரருக்குக் கடிதம் போட்டோம். அங்கே யாரையோ பிடித்துப் புதுக் கவை ஒன்று அனுப்பினார். வந்து சேர மாதங்கள் ஆயின. பைலட் நல்ல மனுஷர், தங்கள் கிளப்பில் கிடந்த ஒரு விசிறியை வாங்கிக் கொடுத்தார், ஆய்வாளரிடமும் பேசினார். நல்ல கை உள்ள ஆளைப் பிடித்துவிட்டீர்களா என்று ஆய்வாளர் கேட்டு அனுப்பினார். கிளப் மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று இவர் யோசித்தார். நல்ல கை என்றுதான் சொன்னான், யார் கை என்று சொல்லவில்லையே என்றேன் நான். பிடித்தாகிவிட்டது என்று பதில் போட்டோம்.

இந்த முறை கவையை முதலிலிருந்து கடைசி வரை நான் தனியாகவே பொருத்தினேன். வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து வெயிலில் காய வைத்தேன். எது எந்தப் பக்கம் குழிந்திருக்க வேண்டும் என்று படத்தைப் பார்த்து அடுக்கினேன். நட்டை இறுக்கி, கவையை இடமும் வலமுமாக ஐம்பது தடவை திருப்பினேன். அப்படித் திருப்பினால் வாஷர்கள் படிந்து பிடிமானம் கொஞ்சம் குறையும். மறுபடி இறுக்க வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். எறா வியாபாரியின் தராசு மறுபடி வந்தது. பத்தில் அசைந்தது. ஆனால் கம்பிப் பின் போகிற துளையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லை. நட்டை ஒரு மயிரளவு தளர்த்தினால் அது உடனே உள்ளே போய்விடும். தளர்த்த எனக்குக் கை வரவில்லை. நட்டைக் கழற்றி அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பிப் பின் உள்ளே போய் மடங்கியதும் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டாம் சோதனை நாளும் அதே தளம், அதே ஜீப். இறக்கைகள் மாட்டியாயிற்று, பைலட் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் பொருத்திய ஆள் எங்கே என்று கேட்டார். நான் போய் மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"நான்தான் சார். இப்பவும் நான்தான், அன்னிக்கும் நான்தான்," என்றேன். "அன்னிக்கு இவரு சரியா இறுக்கி வெச்சிருந்தாரு. எனக்கு ஒண்ணும் தெரியாம, காலைல நான் அத்த அவுத்து வண்டி மை வெச்சேன். ஒடஞ்சது என்னால. இவரு கையால இல்ல."

ஆய்வாளர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதெல்லாம் முடிந்துபோன விஷயம், இப்போது இதைப் பார்ப்போம் என்றார் ஆய்வாளர். எனக்கு அது இன்னும் முடிந்துபோகவில்லை என்றேன். அந்தக் காகிதம் அவரிடம்தான் இருந்தது, கட்டின் அடியில் தெரிந்தது. அதில் இவர் கையைப் பற்றி எழுதியதை அடிக்கச் சொன்னேன். அடித்தால்தான் இந்த இடத்தை விட்டு நகர்வேன் என்று சொல்லிவிட்டு, மூக்குச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விசிறி என் தலைக்கு மேலே இருந்தது.

"வுடு மே," என்றார் இவர். "பர்மிட்டு வந்தா போதும்."

"எனக்குப் போதாது," என்றேன்.

அரசாங்கக் காகிதத்தில் எழுதியதை அப்படியெல்லாம் அடிக்க முடியாது என்றார் ஆய்வாளர். எழுதிய கைதானே அடிக்க வேண்டும், வேறு யாரை நான் கேட்பேன் என்றேன். அடித்தால் அந்த இடத்தில் நீ செய்ததை எழுத வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு நீ பொருத்தியதை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. தராசை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நான் செய்ததை அப்படியே எழுதுங்கள், நம்பவும் வேண்டாம், நீங்களே இழுத்துப் பாருங்கள் என்றேன். முதலில் அடியுங்கள், பிறகு இழுங்கள். இழுத்துப் பார்த்துவிட்டு அடித்தால் அது சக்கரத்துக்காக அடித்ததாகிவிடும். இந்தச் சக்கரம் நின்றாலும் விழுந்தாலும் அன்றைக்குத் தப்பு அவர் கையில் இல்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பைலட் உள்ளேயிருந்து, தனக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றார். ஆய்வாளர் ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்துப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார், ஓரத்தில் என்னவோ எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் கோடு கிழித்தது தெரிந்தது. அப்போதுதான் எழுந்தேன்.

தராசை அச்சில் மாட்டி அவரே இழுத்தார். முள் பத்துக்கு வந்ததும் கவை அசைந்தது. அந்தப் பக்கம் போய் இழுத்தார், அங்கேயும் பத்து. தராசில் எறா வாசனை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே விரலைத் துடைத்துக்கொண்டார். பைலட்டுக்குக் கை காட்டினார்.

முதல் ஓட்டம் மெதுவாக. இரண்டாவது வேகமாக. மூக்கு லேசாகத் தூக்கி, மறுபடி இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டு நேராக ஓடியது. போன தடவை படபடத்த இடம் வந்தது. நான் காதைத்தான் கொடுத்துக்கொண்டு நின்றேன், கண்ணை இல்லை. இஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாவது, நாலாவது என்று ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளர் குனிந்து பின்னைப் பார்த்தார், அது மடக்கியபடியே இருந்தது.

படிவத்தை நீட்டினார். பொருத்தியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன், தமிழில். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது அவர்தான், அதனால் அவர் பெயரும் வேண்டும் என்றேன். ஆய்வாளர் மறுக்கவில்லை.

ஆலையை விட்டு வந்த நாளிலிருந்து இவர் எதிலும் இடது கையால்தான் கையெழுத்துப் போடுவார். அன்றைக்குப் பேனாவை வலது கையில் வாங்கினார். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பெயரைச் சுருக்காமல், அப்பா பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் முடிக்கிற வரைக்கும் ஆய்வாளர் காகிதத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.